மேற்படி

வலயக் கல்வி அலுவலகம் அனுப்பிய படிவத்தில்
கடைசி நிரல் இரண்டு விரல் அகலம்:
சித்தியடையாமைக்கான காரணம்.

சாதாரண தரம், கணிதம், இருபத்துமூன்று டபிள்யூ.
முதற்பிள்ளையின் பெயருக்கு நேரே
'பெற்றோரின் அக்கறையின்மை' என்று எழுதினேன்.
எழுத்து வடிவாகத்தான் வந்தது.
மிச்சம் இருபத்திரண்டுக்கும்
மேற்படி
மேற்படி
மேற்படி.
பிளேன்ரீ ஆறுமுன் வேலை முடிந்தது.

பதினேழாவது மேற்படியின் தாய்
அடுத்தநாள் பத்தரைக்கு வந்தார்.
நிலாவெளி ஹோட்டலில் அறை துப்புரவு,
வந்ததற்கு அரைநாள் சம்பளம் வெட்டு.
பொலித்தீன் பைக்குள்
ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாத் தவணை அறிக்கையும்,
ஒன்றின் மூலைகூட மடங்கவில்லை.
பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில்
மரியபுஷ்பம்.
ஆறில் நடுங்கி, எட்டில் நிமிர்ந்து,
பதினொன்றில் அடியில் ஒரு கோடும் இழுத்திருந்தார்.
ஆசிரியர் குறிப்பு என்ற இடத்தில்
'இன்னும் முயற்சி தேவை',
தவணைக்குத் தவணை, என் கையெழுத்தில்.

"ஏசுறதெண்டால் ஆரை ஏசுறது ரீச்சர்?
அதை மட்டும் சொல்லுங்கோ.
இவனை ஏசிப் பாத்திட்டன்.
தேப்பனை ஏசினால் அந்தாள் கடலுக்குப் போயிடும்.
அந்தோனியாரையும் விடேல்ல."

ஆரை?
இரண்டாந் தவணை முழுக்க
'இணைப்பு' என்று என்னை வெருகலுக்கு அனுப்பியவர்களையா?
அந்த மூன்று மாதமும் இங்கே
வட்டத் தேற்றங்களின் பாடவேளையில்
பிள்ளைகள் மைதானத்தில் சருகு பொறுக்கினார்கள்.
வெருகலில் பதினொரு பேர் சித்தி.
'என்ர பிள்ளையள்' என்று
கேட்காதவர்களுக்கும் சொல்லித் திரிந்தேன்.
இந்த இருபத்துமூன்றும் ஆருடைய பிள்ளைகள் என்று
ஒருத்தரும் கேட்காததால்
நானும் சொல்லவில்லை.

டினோயன் கெட்டிக்காரனில்லை, அதையும் சொல்லவேண்டும்.
கவராயத்தால் மேசையில் துளை போடுவான்,
வட்டம் கீறச் சொன்னால் மையத்தைத் தொலைப்பான்.
நான் நின்ற தவணைகளிலும் அப்படித்தான்.
பின்வாங்குவரை எழுப்பிக் கேள்வி கேட்க
நாற்பது நிமிடம் காணாது என்பேன்.
காணாதுதான்.
என்றாலும் ஒருநாளாவது கேட்டிருக்கலாம்.

கேற்றடியில் நின்றான்.
அவன் கையிலிருந்த பெறுபேற்றுத் தாளை
மான் ஒன்று மென்றுகொண்டிருந்தது.
திருகோணமலை மானுக்குப்
புல்லைவிடக் கடதாசி பழக்கம்.
இழுத்துப் பறிக்கவும் இல்லை அவன்.
கூப்பிட்டேன். வந்தான்.
"நான்தான் ரீச்சர் படிக்கேல்ல.
அம்மாவோட வேற ஒண்டும் கதைக்காதைங்கோ."

பதினாறு வயது
எவ்வளவு தாராளமாக எல்லாப் பழியையும்
தனியே தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறது!
விட்டிருந்தால் போயிருக்கும்.
நிரலுக்கும் அது அளவாக இருந்தது.

"அப்ப என்னை ஏசுங்கோ" என்றேன் அவரிடம்.
அவர் பையை மடித்தார்.
"உங்களை ஏசி எனக்கென்ன ரீச்சர்,
பன்ரண்டு மணி பஸ் போயிரும்.
திரும்ப எடுக்கலாமோ, அதைச் சொல்லுங்கோ."
எடுக்கலாம் என்றேன்.
சனிக்கிழமை அனுப்புங்கோ என்றேன்.
சனிக்கிழமை அவன் தோணிக்குப் போறவன் என்றார்.
ஞாயிறு பூசை முடிய, என்றேன்.
சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

படிவத்தைத் திரும்ப எடுத்தேன்.
பதினேழாம் வரியை வெட்டி
'இரண்டாந் தவணை ஆசிரியர் இல்லை.
இருந்தபோதும் கவனிக்கவில்லை' என்று
நுணுக்கி எழுதினேன், நிரல் போதவில்லை.
அதன் கீழிருந்த ஆறு மேற்படியும்
சத்தமில்லாமல் கட்சி மாறின.

மேலே பதினாறு
அப்படியே இருக்கிறது.
அந்தத் தாய்மார்
இன்னும் வரவில்லை.