முப்பத்தோராம் பிழை

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
பாமசிக்கு மேலே மூன்றாம் மாடி.
பதினொரு கொம்பியூட்டர். அதில் இரண்டு
மழை நாளில் எழும்புவதில்லை.
இங்கேதான் நான் மலை செய்யப் படிக்கிறேன்.

மலை செய்வது சுலபம்.
ஒரு சாம்பல் நிறப் படத்தைக் கொடுத்து
வெள்ளை உள்ள இடமெல்லாம் உயரட்டும் என்றால்
உயரும்.
கஷ்டம், அதில் ஓர் ஆளை நிற்க வைப்பது.
என் ஆள் முதல் வாரம் முழுக்கச்
சரிவில் வழுக்கிக்கொண்டே போனாள்,
கை வீசாமல், முகம் மாறாமல்,
உலகத்தின் விளிம்பைத் தாண்டிக்
கீழே, கீழே,
எண்கள் மட்டும் உள்ள வெளிக்குள்.
உராய்வைக் கூட்டு என்றான் ரிஸ்மி.
கூட்டினேன். ஆணி அடித்த மாதிரி நின்றாள்.
இரண்டுக்கும் நடுவில் ஓர் எண் இருந்தது:
புள்ளி ஆறு மூன்று.
அதற்கு மூன்று இரவு போனது.

தூரத்தை வரைய இயந்திரத்துக்குச் சக்தி போதாவிட்டால்
பனிமூட்டம் போட்டு மறைத்துவிடலாம்
என்றார் மிஸ்.
எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம்.
சிங்கமலை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.
ஒரே நேரத்தில் சிரித்தோம்.
மிஸ்ஸுக்கு விளங்கவில்லை,
அவர் நீர்கொழும்பு.

கொழுந்து ஒடியும் சத்தம் என்று தேடினால்
கிடைப்பதெல்லாம் யாரோ கரட் கடிக்கிற சத்தம்.
அண்ணியிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.
மூன்று நிமிடம் நாற்பது செக்கன்.
நடுவில் ஓர் இருமல், ஒரு நாய்,
‘இது இன்னும் ஓடுதா?’ என்று பக்கத்து நிரைக்காரி.
வெட்டி ஒன்பது ஒலியாக்கினேன்.
ஏழாவதில் அண்ணியின் வளையல் கேட்கிறது.
அதை அகற்ற வழி இருக்கிறது.
அகற்றவில்லை.

சோதனை நாளன்று கண்டியிலிருந்து வருகிற இசங்க
முதலாவதாக உட்கார்ந்தான். வேகமான விரல்கள்.
அட்டைதான் எதிரி என்று நினைத்து
ஆயுதம் தேடி லயத்துக் கதவெல்லாம் தட்டினான்.
பிறகு பறிக்கப் பழகிக்கொண்டான்.
இருபது கிலோ வந்தால் முழுப் பேர்,
குறைந்தால் அரைப் பேர்.
சரியாக இருபது பறித்து
தராசுக்கு ஓடினான்.
திரை பதினெட்டு என்றது.
திரும்ப ஆடினான். இருபத்தொன்று.
திரை பத்தொன்பது என்றது.
பிழைப் பட்டியலைத் திறந்து எழுதினான்,
இலக்கம் முப்பத்தொன்று:
எடையில் இரண்டு கிலோ காணாமல் போகிறது.
ஒவ்வொரு தடவையும். அவசரம்.

அது எந்த வரி என்று எனக்குத் தெரியும்.
நானூற்றுப் பன்னிரண்டு.
நிறுத்தது கழித்தல் இரண்டு.
பக்கத்தில் என் குறிப்பு:
சாக்குக்கு. ஈரத்துக்கு.
வெயில் நாளிலும் ஈரத்துக்கு.

பட்டியலில் ஒவ்வொரு பிழைக்கும் எதிரே
நிலை என்று ஒரு கட்டம்.
திருத்தியாயிற்று, திருத்த வேண்டும், மறுபடி வரவில்லை,
இவற்றில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம்.
நான் இன்னொன்றைச் சேர்த்தேன்:
வேண்டுமென்றே.

இசங்க அதை இரண்டு தரம் வாசித்தான்.
யார் வேண்டுமென்றே, என்றான்.
சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.
நான் கோடை மேலிருந்து கீழே உருட்டிக் காட்டினேன்.
ஆளுக்குப் பெயர் இருந்தது, கூடைக்கு இருந்தது,
அட்டைக்குக்கூட இருந்தது.
கழிக்கிறவருக்கு வைத்த பெயர் எதுவும் இல்லை.

இப்படி வைத்தால் ஆத்திரத்தில் மூடிவிட்டுப் போவார்கள்
என்றான் ரிஸ்மி.
போகலாம். வெளியேறும் பொத்தான்
வலப்பக்க மூலையில் இருக்கிறது.
நான்தான் வரைந்தேன்.

இசங்க போகவில்லை.
ஐந்தே காலுக்குக் கண்டி பஸ் ஹோர்ன் அடித்தது.
ஆறு மணிக்கும் இருந்தான்,
உதட்டைக் கடித்துக்கொண்டு, குனிந்து,
ஏழாவது ஒலி வரும்போதெல்லாம்
தலையைக் கொஞ்சம் சாய்த்து.
இருபத்திரண்டரை.
தராசு முள் ஆடி நின்றது: இருபதரை.
முழுப் பேர்!
கதிரையை விட்டுக் குதித்தான்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.
இருட்டில் கேட்டான்,
இருக்கும்தானே, எங்கேயாவது பதிந்திருக்கும்தானே?

சேமிப்பு
அடுத்த வாரத்து வேலை என்றேன்.