லைன் கிளியர்

உறையைப் பிரித்தேன்.
எண் பதினேழு: முதுகில் ஊசி.

முப்பிடாதி, நாற்பத்தாறு வயது,
கங்கைகொண்டான் துணைமின் நிலையத்து லைன்மேன்.
கம்பத்திலிருந்து ஒரு நாளும் விழாதவர்
தாழையூத்து விலக்கில் பைக்கிலிருந்து விழுந்து
முழங்காலுக்குக் கீழே இரண்டு துண்டு.

"முழுசாத் தூங்குதது நல்லதா, இது நல்லதா தாயி?"

தெரியாது, அதற்குத்தான் சீட்டு என்றேன்.
தூங்கினால் உங்களுக்குத் தெரியாது,
உடம்புக்குத் தெரியும்.
வெட்டுப்பட்ட சேதி தண்டுவடம் ஏறிப் போய்
ஆளில்லாத வீட்டில் மணியடிக்கும்.
ரத்தம் அதைக் கேட்டு
வீக்கத்துக்கும் காய்ச்சலுக்கும் ஆள் திரட்டும்.
ஊசி போட்டால் சேதி வழியிலேயே நின்றுவிடும்,
அப்படி ஒரு நம்பிக்கை.

சிரித்தார்.
"அது வீட்டுல பல்பை அணைக்கது.
இது டிரான்ஸ்பார்மர்ல பியூஸைப் புடுங்குதது.
லைன் கிளியர் வாங்கிட்டுல்லா ஏறணும்!"

வளைந்து உட்கார்ந்தார்.
ஊசிமுனையில் தெளிந்த நீர் ஒரு சொட்டு.
பத்து நிமிஷத்தில் கால்கள் யாருடையவையோ ஆயின.
எலும்புக்குள் கம்பி இறங்கும் சுத்தியல் சத்தத்துக்கு
"கம்பம் நடுதாவளா?" என்றார்.

ஆறாம் மணி நேரம்.
ஐஸ் பெட்டியும் ஊசியுமாகப் போனபோது
பாளையங்கோட்டை முழுக்க இருட்டு.
ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுந்தது.
கையை நீட்டியபடியே சொன்னார்:
"இதுதான் பயம், பாத்துக்கிடுங்க.
மெயினை நாம ஆப் பண்ணியிருப்போம்.
எவனாவது வீட்டு ஜெனரேட்டரைப் போடுவான்,
கரண்டு எதுக்க வரும்.
எங்கூட நின்ன ஐகோர்ட்டு அப்படித்தான் போனான்."

மறுநாள் கணுக்கால் பனங்காயாய் இருந்தது.
இன்டர்லூக்கின் ஆறு
நான் பென்சிலால் குறித்து வைத்திருந்ததைப் போல இரு மடங்கு.
நரம்பு வாயை மூடியிருந்தது. சந்தேகமில்லை.
உடைந்த இடமே ரத்தத்தில் இறங்கி
ஊரெல்லாம் சொல்லியிருக்கிறது.

எண்ணை அப்படியே எழுதினேன்.
பென்சில் குறியை அழிக்கவில்லை.

பதினெட்டாம் உறை: முழு மயக்கம்.
மேலப்பாளையம் செய்யதம்மாள்,
பீடி சுற்றித் தேய்ந்த பெருவிரல்,
இமை மூடும்வரை என்னைப் பார்த்திருந்தாள்.
முதல் கீறல்.
எழுபத்திரண்டிலிருந்து தொண்ணூற்றாறுக்கு
ஏறியது நாடி.

வீட்டில் விளக்கில்லை.
கம்பியில் கரண்ட் ஓடுகிறது.
மருந்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு
அவள் மணிக்கட்டில் விரலை வைத்து
நின்றுகொண்டிருந்தேன்.