முப்பத்தாறு மீட்டர்

எழுதிக்கொள்ளுங்கள், ரைட்டர் சார்.
பெயர் சவரிநாதன். அப்பா இன்னாசி,
கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் லைன் வீடு.
மாஜி ஹவில்தார், மதராஸ் சாப்பர்ஸ்.
தொழில் என்ற இடத்தில்
தண்ணீர் லாரி டிரைவர் என்று போடுங்கள்.
மற்றதை நானே சொல்கிறேன்.

புட்டராஜு அண்ணனிடம் ஆறு வருடம்.
குஞ்சூரில் உறிஞ்சி ஹூடியில் ஊற்றுவோம்.
நடுவில் யாராவது கேள்வி கேட்டால்
என்னை அனுப்புவார்கள்.
மூன்று பேருக்குக் கையை உடைத்திருக்கிறேன்.
நான்காவது ஆள் வெளியே வரவில்லை.
மகளை அனுப்பினான் பணத்தோடு,
எட்டு வயதிருக்கும். எண்ணி வாங்கினேன்.
அதையும் எழுதுங்கள்.

நேற்று இரவு ஒன்றேகால்.
அண்ணன் சாவியை எறிந்தார்.
"காலி வண்டிதான் தம்பி, மாலூர் குவாரியில்
தள்ளிவிட்டு வா. இன்ஷூரன்ஸ்."
வர்த்தூர் தாண்டி முதல் ஸ்பீடு பிரேக்கர்.
உள்ளே ஏதோ புரண்டது.
ரேடியோவை நிறுத்தினேன்.

டொக்.
கொஞ்ச நேரம் கழித்து, டொக் டொக்.

என் காது இப்போது பாதிதான்.
ஆனாலும் மண்ணுக்குள் இருக்கும் தகரத்தை
ஊசி முனையால் கேட்டவன் நான்.
முப்பது டிகிரி சாய்த்துக் குத்த வேண்டும்,
இட்லி வெந்ததா என்று குச்சியால் பார்ப்பதுபோல.
எது கல், எது சாவு என்று
விரலுக்குத் தெரிந்துவிடும்.
இது முட்டி. மனுஷ முட்டி.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும்,
வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றால் அடித்துவிடுங்கள்.
ரஜௌரிக்கு மேலே, பனி, இருட்டப் போகிறது.
நாற்பது மீட்டர் பாதையைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள்.
முப்பத்தாறு செய்தேன்.
கை விறைத்தது, கேம்பில் ரம் காத்திருந்தது.
நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
காலையில் பேச்சிராஜ் நடந்தான்.
முப்பத்தெட்டாவது மீட்டரில்
ஒரு பூட்ஸ், லேஸ் அவிழாமல்.
பனி நகர்ந்திருக்கும் என்றார்கள் விசாரணையில்.
ஆமாம் சார் என்றேன்.

டொக்கை எண்ணிக்கொண்டே ஓட்டினேன்.
ஓட்டினேன். நிறுத்தவில்லை.
பின்னால் அண்ணனின் வெள்ளை ஸ்கார்பியோ,
லைட்டைத் தாழ்த்தாமல்.
சர்ஜாபுரம் முனையில்
சத்தம் நின்றது.

நின்ற பிறகுதான் திருப்பினேன்.

இரண்டு முறை குறுக்கே வந்தார்கள்,
நான் பிரேக் போடவில்லை.
இடது பம்பர் நசுங்கியது அதனால்.
ஸ்டேஷனுக்கு ஏன் வரவில்லை என்றால்,
கோபிக்காதீர்கள்,
உங்கள் பழைய இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு
வாரம் இரண்டு லோடு நான்தான் இறக்கினேன்,
காசில்லாமல்.

துபரஹள்ளித் தகரக் கொட்டகைகளுக்குப் போனேன்.
நாலு மணிக்கே குடங்கள் வரிசையில் நிற்கும்.
ஹாரனை அழுத்திக்கொண்டே நுழைந்தேன்.
ராய்ச்சூர்க்காரி, யாத்கிர்க்காரி, வங்காளத்துப் பெண்கள்,
தண்ணீர் என்று ஓடி வந்தார்கள் அறுபது பேர்.
ஸ்கார்பியோ முனையிலேயே நின்று
லைட்டை அணைத்தது.

மூடியில் நாலு போல்ட்.
மூன்றாவதில் என் நகம் போனது.
யாரோ டார்ச் கொடுத்தாள்.
கணுக்கால் தண்ணீரில் மல்லேஷி.
கிளீனர் பையன். எத்தனை போர்வெல், எங்கெங்கே என்று
தாளில் எழுதி ஆபீசில் கொடுத்தவன்.
சேலையை முறுக்கிக் கயிறாக்கி என்னை இறக்கினார்கள்.

மூச்சு இருந்ததா என்று கேட்கிறீர்கள்.
ஆஸ்பத்திரியில் கேளுங்கள்,
எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.
ஒரு பெண் தன் காலிக் குடத்தைச் சாய்த்து
அவன் கழுத்துக்குக் கீழே வைத்தாள்.
அவ்வளவுதான் தெரியும்.

முடிந்ததா?
பேனாவை நீட்டாதீர்கள்.
கன்னடத்தில் எழுதியதைத் தமிழில்
படித்துக் காட்டுங்கள், மெதுவாக.
முப்பத்தாறு என்று சொன்ன இடத்தில்
முப்பத்தாறு என்றே இருக்கிறதா
பார்க்க வேண்டும்.
பிறகு கையெழுத்து.