நாற்பது குதி

மோல்மேன் பொது மருத்துவமனை, எக்ஸ்ரே அறை.
மின்சாரம் போனால்
ஜெனரேட்டர் இருமிப் பிடிக்கும்வரை
இருட்டில் நிற்பது எனக்குப் பழக்கம்.
இன்று கூட நின்றது என் மகள்.

பள்ளிக்கூடத்தில் தந்தா வின்,
வீட்டில் குழல்வாய்மொழி.
இரண்டு பேருக்கும் சேர்த்து ஓர் இடது மணிக்கட்டு,
வீங்கி, ஈரத் துண்டுக்குள்.

"எவ்வளவு உயரத்துல கட்டினீங்க?"
"காது வரைக்கும் தாண்டிட்டேன்பா.
தலைக்கு மேல ஏத்துனதுதான் தப்பு."

ரப்பர் வளையங்களைச் சங்கிலியாய்க் கோத்து
இருவர் ஆளுக்கொரு முனை பிடிக்க
கணுக்கால், முட்டி, இடுப்பு, அக்குள் என்று
ஏறிக்கொண்டே போகிற ஆட்டம்.
முடோன் தோட்டத்தில் விடியுமுன் வடிந்த பால்
இங்கே பிள்ளைகளின் காலடியில் இழுபட்டு நீள்கிறது.

படம் வந்தது.
பச்சை மூங்கிலை வளைத்தால்
ஒரு பக்கம் மட்டும் கீறுமே, அப்படி ஒரு முறிவு.
சற்றுத் தள்ளி, குறுக்கே, கருப்பாய் ஒரு கோடு.
பயிற்சிக்கு வந்த டாக்டர் அதையும் முறிவென்று
பேனாவால் தொட்டார்.
இல்லை சார்.
அது வளரும் இடம்.
இன்னும் சாத்தாத கதவு.

போன வாரம் ஓர் அம்மாள், அறுபத்தொரு வயது.
வாளியைத் தூக்கக் குனிந்தவர் நிமிரவில்லை.
முதுகெலும்பு டீயில் நனைந்த ரஸ்க் மாதிரி
படத்தில் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது.
"நான் என்னய்யா தப்பு பண்ணேன்?
பதிமூணு வயசுல குந்த வச்சாங்க.
அதுக்கப்புறம் ஓடினதே இல்லையே."
அதுதான் அம்மா, என்று
நான் சொல்லவில்லை.

எலும்பு பேச்சுக் கேட்காது.
முருங்கைக் கீரை, நெத்திலி, பால்
எல்லாம் கொண்டுவந்து கொட்டலாம்.
கல்லும் சுண்ணாம்பும் குவிந்து கிடக்கும்,
ஆள் வராத கட்டட வேலை போல.
'கட்டு' என்று அதட்ட
உடம்பு முழுக் கனத்தோடு மண்ணில் இறங்கும்
அந்தத் 'தொம்' வேண்டும்.
நாற்பது தடவை கேட்கும். அப்புறம் காது மந்தம்.
ஓய்வு கொடுத்தால் மறுநாள் திரும்பக் கேட்கும்.

எதிர்வீட்டு மாங் தேய்ன்
சால்வின் ஆற்றில் மணிக்கணக்காய் நீந்துவான்.
மூச்சு அவனுக்குத் தோணி நிறைய இருக்கிறது.
ஆனால் அவனைத் தண்ணீர் சுமந்துவிடுகிறது,
எலும்புக்குத் தாக்கல் போய்ச் சேருவதில்லை.
கரைக்கு வந்து கொஞ்சம் குதிடா என்றால்
சிரிக்கிறான்.

வீட்டில் சௌந்தரி கட்டைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
"ஆடியிலதான் தண்ணி ஊத்தினோம்.
வயசுக்கு வந்த பொண்ணு
தெருவுல காது உயரம் தாண்டணுமா?"
இனிமேல் ரப்பர் கிடையாது.
வளையங்கள் ஊறுகாய்ப் பாட்டிலுக்குள் போயின,
பாட்டில் அலமாரியின் மேல்தட்டுக்கு.

ராத்திரி படத்தை ஜன்னல் கம்பியில் செருகி
தெருவிளக்கு வெளிச்சத்தில் அவளே பார்த்தாள்.
"இந்தக் கருப்புக் கோடு?"
சொன்னேன்.
"எப்ப சாத்தும்?"
"மூணு வருஷம். கூடினா நாலு."
"சாத்திட்டா?"
"அதுக்குள்ள சேர்த்ததுதான் பெரும்பாலும்.
அப்புறம் செலவுதான் அதிகம்."
அவள் மளிகைக் கணக்கு எழுதுகிறவள்.
வேறொன்றும் கேட்கவில்லை.

கட்டுப் பிரித்து ஆறு வாரம்.
மோல்மேன் மழை பிடித்தால் விடாது,
தெருவில் முழங்கால் தண்ணீர்.
வேலை முடிந்து நனைந்து வருகிறேன்,
படியேறும்போதே பலகைத் தரை அதிர்கிறது.
அலமாரியில் கோப்பைகள் கடகடவென்று
ஒன்றோடொன்று வாய்ச்சண்டை.
ஊறுகாய்ப் பாட்டில் காலி.
ஒரு முனை கட்டில் காலில்,
மறுமுனை சௌந்தரி கையில்.

"முட்டிக்கு மேல ஏத்த மாட்டேன்,
அவகிட்ட சொல்லிட்டேன்" என்றாள்
என் முகத்தைப் பாராமல்.
"முப்பத்தேழு. முழங்காலை மடக்கி இறங்குடி. முப்பத்தெட்டு."

முப்பத்தொன்பதில் மின்சாரம் போயிற்று.
யாரும் விளக்கைத் தேடவில்லை.
இருட்டில்
இன்னும் ஒரு தொம்.