முப்பது கிலோ, கையில் ஏழு

லாட்டரிக் கடைகள் தொடங்குவதற்கு நாற்பது அடி இப்புறம்
களியக்காவிளையில் என் கடை.
ஒரு எடை மிஷின், பழுப்பு டேப், நைலான் கயிறு,
பெயரெழுத மூன்று தடித்த பேனா.
ஏர்போர்ட் வடக்கே ஒரு மணி நேரம்,
பாலராமபுரத்தில் நெரிசல் என்றால் இன்னும் அரை.
நான் உள்ளே போனதில்லை.
டிக்கெட் இல்லாதவர்களுக்கு
ஒரு கம்பித்தடுப்புதான் ஏர்போர்ட்.

கூட்டம் கூடிவிட்டதாம், பேப்பரில் போட்டிருக்கிறான்,
போன வருஷத்தைவிட இத்தனை சதவீதம் என்று.
எனக்கு அது டேப் கணக்கு.
வெள்ளிக்கிழமை ராத்திரி ஆறு உருளை,
பெருநாள் முடிந்து ஆட்கள் திரும்பும் வாரம் ஒன்பது,
கிறிஸ்துமஸ் லீவு தீரும்போது
பாறசாலையில் கடன் சொல்லி வாங்கிவருவேன்.

எங்கே போகிறாய் என்று நான் யாரையும் கேட்பதில்லை.
பெட்டி சொல்லும்.
நெத்திலிக் கருவாடும் வலை நூலும் சேர்ந்து மணந்தால்
தூத்தூர்க்காரன், பஹ்ரைனில் வள்ளமேறப் போகிறான்.
மூன்று ஜோடி வெள்ளை ஷூ என்றால் நர்ஸ்.
புதுப்பெட்டி, சாவி கழுத்துக் கயிற்றில்,
கூட வந்தவர்கள் எட்டுப் பேர் என்றால் முதல்முறை.
மிக்சி ஜார் மட்டும் தனியாகப் போகிறதென்றால்
மிக்சி போன லீவிலேயே போயாயிற்று.

முப்பதைத் தாண்டினால் எடுக்க வேண்டும்.
எதை எடுப்பது என்பதில் ஒரு குடும்பமே பிரியும்.
ஜீன்ஸை எடு என்பாள் மனைவி,
சக்கை வற்றலை எடு என்பான் அவன்,
பைபிளைத் தொடாதே என்று பின்னாலிருந்து ஒரு குரல்.
எடுத்ததில் பாதி என் அலமாரியில் தங்கிவிடும்.
"அடுத்த லீவுக்கு வரும்போ எடுக்கேன் எக்கா."
ஒரு குப்பி மாங்காய் ஊறுகாய் மூன்று வருஷமாய் நிற்கிறது.
மூடியைத் துடைத்து மறுபடி அங்கேயே வைக்கிறேன்.

என் மிஷின் இருநூறு கிராம் கூட்டிச் சொல்லும்.
எனக்குத் தெரியும்.
கழித்துத்தான் சொல்வேன்.

நித்திரவிளை பிரிட்டோ கிளம்பிய அன்று
பெட்டி இருபத்தெட்டு எழுநூறு.
இன்னும் கொஞ்சம் வைக்கலாம் என்றேன்.
அவன் பிள்ளையைத் தூக்கித் தட்டில் நிறுத்தினான்.
ஜெர்லின், ஒன்றரை வயசு, ஒரு காலில் கொலுசில்லை.
பத்து எண்ணூறு.
டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டு
வேனில் ஏறினான். பையில் ஒன்றும் கூட்டவில்லை.

அதன்பிறகு மாதத்தின் முதல் சனிக்கிழமை
சஜிலா பிள்ளையோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள்.
செருப்பைக் கழற்றுவாள், நிறுத்துவாள்,
சிவப்பு எண்ணைப் போனில் பிடிப்பாள்.
முகம் வராது. இரண்டு பாதம், ஒரு எண்.
ஷார்ஜாவிலிருந்து பதில் வரும்:
"இன்னும் பதினெட்டு கிலோ இடமிருக்கு."
அந்த இருநூறை
இவளுக்கு மட்டும் நான் கழித்ததேயில்லை.

இடவப்பாதி மழையில் காய்ச்சல் கண்டு
பிள்ளை இறங்கிப்போனது.
பதினொன்று நானூறு.
சஜிலா போனைப் பிடித்தபடியே நின்றாள்.
கிளிக் வரவில்லை.
பின்னால் வேன்காரன் ஹாரன் அடித்தான்.
நான் கயிறு எடுக்கக் குனிந்தேன்.
என் கால் பெருவிரல், படத்துக்கு வெளியே,
தட்டின் ஓரத்தில் எப்படியோ இருந்தது.

பன்னிரண்டு அறுநூறு.
அதிகம். கொஞ்சம் தளர்த்தினேன்.
பன்னிரண்டு இருநூறு.
கிளிக்.

இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிள்ளை இறங்க மாட்டேன் என்றது.

பிறகு வேன் பெட்டிகள், பதினோரு பேர், தம்மாம்.
எல்லாமே முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று.
எதையும் எடுக்க எவனும் சம்மதிக்கவில்லை.
ஒன்பதாவது பெட்டியின் பாதியில் டேப் தீர்ந்தது.
கடையில் நின்ற பையனைப் பாறசாலைக்கு விரட்டினேன்,
குடை இல்லாமல்.