கங்கு

போஜன் பிலிப்பான வருஷம்
கோத்தகிரிப் பக்கம் உருளைக்கிழங்கு அழுகியது.
அவனால்தான் என்றார்கள்.
மந்தையில் நிறுத்தி என்னைக் கேட்டார்கள்:
'அவன் உனக்கு யார்?'
உறைபனியில் வெளுத்த புல்லைப் பார்த்துக்கொண்டு
யாருமில்லை என்றேன்.
ஒரே முலையில் பால் குடித்த வாய்.

அதன்பின் அவனுக்குத் தண்ணீர் இல்லை, நெருப்பும் இல்லை.
ஓடைக்கு இறங்கும் தடத்தில்
முள் வெட்டிப் போட்டவர்களில் நானும் ஒருவன்.
உள்ளங்கை கிழிந்தது.
கேட்டவர்களிடம் அரிவாள் தவறியது என்றேன்.

மார்கழியில் ஓர் இரவு
அவன் குடிசையில் புகை எழவில்லை.
மூன்றாம் இரவும் எழவில்லை.
அடுப்பிலிருந்து கங்கு அள்ளிச் சட்டியில் போட்டு
சாம்பல் மூடி
சோலைக்குள் நடந்தேன்.
வழியெல்லாம் ஒரு மன்னிப்பைக் கட்டிக்கொண்டே போனேன்,
மேடு ஏற ஏற அவிழ்ந்துகொண்டே வந்தது.

படல் திறந்தது.
கன்னம் ஒட்டிப்போய், தாடியோடு, அவன்.
சட்டியை வாங்கவில்லை.
என் கையைத் திருப்பிப் பார்த்தான்.
அரிவாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

'உட்கார்' என்றான்.
'கறுப்பு எருமை கன்று போட்டதா?'

போட்டது, கிடாரி என்றேன்.

அவன் குனிந்து
சாம்பலை ஊதத் தொடங்கினான்.