இரண்டாம் விரலுக்கு நேராக

ஏறும்போது ஒன்றும் சொல்லாது.
இறங்கும்போதுதான் பேசும் இந்த முட்டி.
வால்பரைசோவில் தபால் கொடுப்பவளுக்கு
இறங்காத நாள் ஏது?

ஞாயிறுகளில் ஓட்டம் வேறு.
விட்டுத் தொலை என்றான் ரென்சோ.
ஐஸ் கட்டி, பட்டை, களிம்பு,
எல்லாம் முட்டிக்கே செய்தேன்.

மைத்தேன் கண்ணாடி முன்னால்
ஒரு படியில் நிற்க வைத்தாள்.
ஒற்றைக் காலில் மெல்ல இறங்கு, யஸ்னா.
இறங்கினேன்.
பக்கத்து முட்டியிடம் ரகசியம் சொல்லப் போவதுபோல்
உள்ளே சாய்ந்தது என் முட்டி.

பழி ஓரிடம்,
பாவம் இடுப்பில்.
புட்டத்துத் தசை வேலைக்கு வராமல்
கையெழுத்து மட்டும் போட்டுவந்திருக்கிறது
எத்தனை வருடமோ.

இப்போது தினமும்
தொடைகளைச் சுற்றிப் பச்சை ரப்பர் வளையம்.
ஒருக்களித்துப் படுத்து
மட்டி வாய் திறப்பதுபோல் காலைத் திறக்கிறேன்.
பதினைந்து. மூச்சு. மறுபடி பதினைந்து.
நாய் வந்து முகத்தை நக்க
எண்ணிக்கை போயிற்று. முதலிலிருந்து.

ஏழாவது வாரம்.
கோர்டியேரா குன்றின் சந்துப் படிகள்.
பையில் மின்கட்டண ரசீதுகள், ஒரு கல்யாணப் பத்திரிகை.
முட்டிச் சில்லு இரண்டாம் விரலுக்கு நேராக,
இரண்டாம் விரலுக்கு நேராக என்று
முணுமுணுத்தபடி இறங்கினேன்.

நாற்பதாம் படியில் வரும் வலி
இன்று அறுபத்திரண்டில் வந்தது.
வா என்றேன்.

முணுமுணுப்பை எந்தப் படியில் விட்டேனோ தெரியவில்லை.
நடுவே கிடைத்த இருபத்திரண்டில் ஏதோ ஒன்றில்
தலை நிமிர்ந்திருக்கிறேன்:
அந்தத் திருப்பத்திலிருந்து
துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும்.
ஆறு வருடமாக அங்கேதான் நிற்கின்றனவாம்.